கூரை எங்கே ஒழுகுகிறது? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

மழை அதிகம் பெய்கிற இடத்தில் வீடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது, "எந்த ஷீட் நல்லது, எந்த ஓடு நீடிக்கும்?" என்றுதான். நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்று உண்டு: இப்போது இருக்கிற கூரை எந்த இடத்தில் கெட்டுப்போனது? பெரும்பாலான வீடுகளில் தகட்டின் நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். ஸ்குரூ துளை, இரண்டு ஷீட் சேரும் ஓரம், சுவரோடு ஒட்டும் மடிப்பு, பீலியின் மூலை ஆகிய இடங்களில்தான் தண்ணீர் தங்கித் தங்கி வேலையைக் காட்டியிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் விலை கூடிய பொருளுக்கு மாறினால், அடுத்த மழைக்காலத்தில் அதே மூலையில் அதே சொட்டு விழும்.

அதனால் இதைப் பொருள் வாரியாக இல்லாமல் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் தெரிவது எதுவோ நேராக அங்கே போங்கள். கூரை ஓரத்தில் மழைநீரை வாங்கிக்கொண்டு போகும் கட்டரைத்தான் இங்கே பீலி என்கிறேன். சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் கூரை ஓரம் இறவாணம்.

ஏறுவதற்கு முன் ஒரு வார்த்தை. ஈரக் கூரையில் கால் வைக்க வேண்டாம். காய்ந்த பிறகும் ஸ்குரூ வரிசை போகிற கோட்டின் மேல்தான் நடக்க வேண்டும், அடியில் சட்டம் இருப்பது அங்கேதான். பழைய சிமென்ட் ஷீட் என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அறுப்பது, துளையிடுவது, தேய்ப்பது, அழுத்த நீரால் கழுவுவது எதுவும் கூடாது. அந்த நார்த்தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. அதைக் கழற்றப் பயிற்சி பெற்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

உட்கூரையில் கறை இருக்கிறது, நேர் மேலே ஓட்டை இல்லை

எங்கள் படுக்கையறை உட்கூரையில் உள்ளங்கை அளவு பழுப்பு வளையம் வந்தது. அதற்கு நேர் மேலே இருந்த ஸ்குரூக்களுக்கெல்லாம் சீலண்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை, பூசினேன். அடுத்த மழையில் வளையம் பெரிதானது. மறுபடி பூசினேன், மறுபடி பெரிதானது. மூன்றாவது முறை மழை பெய்துகொண்டிருக்கும்போதே டார்ச்சோடு உட்கூரைக்கு மேலே ஊர்ந்து போனேன். ஒரு கைமரத்தின் அடிப்பக்கம் முழுக்க நூல் பிடித்ததுபோல் ஈரக்கோடு மின்னியது. கோடு ஓரிடத்தில் நின்றது. அங்கே மரத்தைத் துளைத்து வெளியே நீட்டியிருந்த ஒரு துருப்பிடித்த ஆணியின் முனை. முனையில் ஒரு துளி கனத்துக்கொண்டே வந்து விழுந்தது, உடனே அடுத்தது திரண்டது. கோட்டைப் பின்தொடர்ந்து மேலே போனால், இரண்டரை மீட்டர் தள்ளி முகட்டில், மூடி தகட்டுக்கு அடியில் ஷீட்டின் மேல் ஓரம் மடிக்கப்படாமல் தட்டையாகவே இருந்தது. காற்று தண்ணீரை அந்த ஓரத்தைத் தாண்டித் தள்ளிக்கொண்டிருந்தது. குறடால் ஒவ்வொரு பள்ளத்தையும் மேல்நோக்கி மடித்துவிட்டதும் ஒழுகல் நின்றது. சீலண்ட் தேவையே படவில்லை.

தண்ணீர் உள்ளே வந்ததும் நேராக விழாது. மரத்தையோ இரும்பையோ ஒட்டிக்கொண்டே ஓடி, ஒரு முடிச்சு, ஆணி, இணைப்பு தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். எனவே கறையிலிருந்து எப்போதும் சரிவின் மேல்பக்கமாகத் தேடுங்கள். மழை நேரத்தில் ஏற முடியாது என்றால், காய்ந்த நாளில் கைமரங்களின் அடிப்பக்கம் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து வையுங்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் போன தடம் பொடியில் தெளிவாகத் தெரியும்.

மழைக்காகக் காத்திருக்க முடியாதவர்களுக்கு ஹோஸ் பைப் சோதனை. ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே. கீழ் ஓரத்தில் தொடங்கி, ஓரிடத்தில் 10, 15 நிமிடம் தண்ணீர் விட்டு, ஒன்றும் இல்லையென்றால் கொஞ்சம் மேலே நகர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இணைப்புகள் மீதும் வழிந்து, எது குற்றவாளி என்றே தெரியாமல் போகும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

மழையே இல்லை, விடியற்காலையில் சொட்டுகிறது

இது ஒழுகல் இல்லை, கூரை வியர்க்கிறது. மேகமில்லாத இரவில் உலோகத் தகடு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். சமையல், குளியல், துணி உலர்த்தல், நம் மூச்சு எல்லாவற்றிலிருந்தும் கிளம்பிய ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த அடிப்பக்கத்தில் பட்டுத் துளியாகிறது. அடையாளம் எளிது: ஈரம் ஒரு புள்ளியில் இல்லாமல் பரவலாக இருக்கும், உள்ளே நீட்டியிருக்கும் ஆணி முனைகள் எல்லாம் ஒரே அளவில் துருப்பிடித்திருக்கும்.

மேலே எத்தனை பூச்சு பூசினாலும் இது நிற்காது. தகட்டுக்கு அடியில் வெப்பக்காப்பும், அதன் அறைப்பக்கத்தில் நீராவி புகாத படலமும் வேண்டும். இறவாணத்தில் காற்று நுழைய வழியும் முகட்டில் வெளியேற வழியும் வேண்டும். குளியலறை, சமையலறை விசிறிகளின் குழாய் கூரைக்கடியில் முடிந்தால் அதை வெளியே நீட்டுங்கள். பல வீடுகளில் இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பாதி ஈரம் போய்விடும்.

ஸ்குரூவைச் சுற்றி ஒழுகுகிறது

ஸ்குரூ தலைக்கு அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷரைப் பாருங்கள். நல்ல வாஷர் லேசாகப் பிதுங்கி, மேலிருக்கும் உலோக வளையத்தின் விளிம்பு வரை வந்து நிற்கும். வெளியே சப்பையாகப் பிதுங்கிக் கிழிந்திருந்தால் அதிகமாக முறுக்கிவிட்டார்கள். விரலால் சுற்ற முடிந்தால் போதுமான அளவு முறுக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருந்தால் ஸ்குரூ சாய்ந்து இறங்கியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: கழற்றிவிட்டு, ஒரு அளவு தடித்த புது ஸ்குரூவை நேராக இறக்குவது. மேலே சிலிக்கானைக் குவித்து வைத்தால் வெயிலில் சுருங்கி, அதன் ஓரத்திலேயே தண்ணீர் தங்கும்.

வாங்கும்போது ஈபிடிஎம் ரப்பர் வாஷர் என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண ரப்பர் வெயிலில் சீக்கிரம் வெடிக்கும். தகடு 30, 40 ஆண்டு தாங்கினாலும் வாஷர் அவ்வளவு தாங்காது. நடுவில் ஒருமுறை எல்லா ஸ்குரூவும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையே வேண்டாம் என்றால் ஸ்குரூ வெளியே தெரியாத, மடிப்பில் பூட்டிக்கொள்ளும் ஷீட் இருக்கிறது. செலவு கூடும், பொருத்துபவருக்குத் தனிப் பழக்கமும் வேண்டும்.

சாதா மழைக்கு ஒன்றுமில்லை, காற்றோடு அடித்தால் ஒழுகுகிறது

சரிவு போதவில்லை, அல்லது ஒன்றின் மேல் ஒன்று ஏறும் அளவு போதவில்லை. சரிவை அளக்க ஒரு மீட்டர் நீளமுள்ள ரசமட்டம் போதும். ஒரு முனையைக் கூரையில் வைத்து மட்டமாகப் பிடித்து, மறுமுனைக்கும் கூரைக்கும் நடுவே உள்ள உயரத்தை அளங்கள். 87 மி.மீ. வந்தால் சரிவு 5 டிகிரி. சாதா நெளி தகட்டுக்கு இதுதான் கீழ் எல்லை என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது. ஓட்டுக்கு இது எந்த விதத்திலும் போதாது. ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும் வகை, தட்டை ஓடு என வடிவத்தைப் பொறுத்து 17 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை கேட்கும். தாழ்ந்த சரிவில் ஓடு போட்டுவிட்டு ஓட்டைக் குறை சொல்வதில் பயன் இல்லை.

சரிவு சரியாக இருந்தும் ஒழுகினால் இணைப்புகளைப் பாருங்கள். நீளவாக்கில் ஷீட்டும் ஷீட்டும் குறைந்தது 150 மி.மீ. ஏறியிருக்க வேண்டும், சரிவு குறையக் குறைய 200, 250 என்று கூட்ட வேண்டும். பக்கவாட்டில் ஒன்றரை நெளி. பக்க இணைப்பின் வாய், மழைக்காற்று வழக்கமாக வரும் திசைக்கு முதுகு காட்ட வேண்டும். பொருத்துகிறவர் எந்த மூலையிலிருந்து தொடங்குகிறார் என்பதிலேயே இது முடிவாகிவிடும், அதனால் முதல் ஷீட் ஏறும்போது நீங்கள் அங்கே நின்று பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு தகடு மிக நெருக்கமாக ஒட்டியிருந்தால், திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்த மெல்லிய இடுக்கு தண்ணீரை மேல்நோக்கி இழுக்கும். காற்றே தேவையில்லை. நல்ல ஷீட்டுகளின் ஓர நெளியில் சின்னப் பள்ளம் ஒன்று விட்டிருப்பார்கள், இழுவையை அறுக்கத்தான் அது. அந்தப் பள்ளத்தைச் சீலண்டால் அடைத்துவிடுகிறவர்கள் நல்லது செய்வதாக நினைத்து ஷீட்டின் பாதுகாப்பையே எடுத்துவிடுகிறார்கள்.

கூரை சுவரைத் தொடும் இடத்தில் ஈரம்

இங்கே ஃபிளாஷிங் தகடு, அதாவது கூரையும் சுவரும் சேரும் இடுக்கை மூடும் மடிப்புத் தகடு, எப்படி இருக்கிறது என்பதே எல்லாம். சுவரின் மேல் வெறுமனே ஒட்டி, மேல் விளிம்பில் சீலண்ட் கோடு இழுத்திருந்தால் அது சில ஆண்டுகளில் விடும். சரியான முறையில், கூரையிலிருந்து ஒரு தகடு சுவரோரம் 150 மி.மீ. மேலே ஏறும். சுவரில் 25 மி.மீ. ஆழத்துக்குக் காடி வெட்டி, அதில் செருகிய இரண்டாவது தகடு அந்த முதல் தகட்டின் மேல் முந்தானை போலத் தொங்கும். தண்ணீர் எந்தக் கட்டத்திலும் ஒரு விளிம்பை நேருக்கு நேர் சந்திக்காது, மேலிருப்பதிலிருந்து கீழிருப்பதன் மேல் வழிந்து போய்க்கொண்டே இருக்கும். சீலண்ட் இதற்குத் துணைதான்.

புகைபோக்கியின் மேல்பக்கம், சன்னல் தலைப்பு, பீலி சுவரில் முட்டி முடியும் மூலை ஆகிய மூன்றையும் தனியாகப் பாருங்கள். குறிப்பாகக் கடைசி ஒன்று. பீலிக்குள் விழாமல் சுவருக்குள் இறங்கும் தண்ணீரை வெளியே திருப்பிவிட அங்கே ஒரு சின்ன மடக்குத் தகடு வேண்டும். கைக்குட்டை அளவுதான் இருக்கும், அதை விட்டுவிட்டால் பின்னால் இருக்கும் மரச்சட்டம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் மக்கும்.

தகடு ஒரே ஓர் இடத்தில் துருப்பிடிக்கிறது

கூரை முழுவதும் சீராகத் துரு வந்தால் வயதாகிவிட்டது என்று அர்த்தம். ஓரிடத்தில் மட்டும் வந்தால் அங்கே யாரோ, ஏதோ செய்திருக்கிறது.

முதலில் மேலே நிமிர்ந்து பாருங்கள். செம்புக் குழாயிலிருந்தோ செம்புத் தகட்டிலிருந்தோ வழியும் தண்ணீர் கீழே துத்தநாகப் பூச்சில் விழுகிறதா? ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் இதில் சேர்த்தி. கரைந்து வரும் துளிச் செம்பே பூச்சைத் தின்றுவிடும். தொடக்கூட வேண்டாம், மேலிருந்து சொட்டினாலே போதும். ஈயத் தகடும் அலுமினிய-துத்தநாகப் பூச்சுக்கு ஆகாது.

பொருத்திய சில வாரங்களிலேயே பழுப்புப் புள்ளிகள் தூவினாற்போல் வந்தால், கூரை மேலேயே கிரைண்டரால் அறுத்திருக்கிறார்கள். சூடான இரும்புப் பொடி பூச்சில் பதிந்து துருவாகிறது. தரையில் வைத்துக் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள், அன்றன்றைக்கே கூரையைப் பெருக்கச் சொல்லுங்கள். அளவு குறிக்கச் சாதாரண பென்சிலும் வேண்டாம். அதிலிருக்கும் கிராஃபைட் பெயின்ட் இல்லாத பூச்சில் கோடு கோடாக அரிப்பை உண்டாக்கும். மார்க்கர் பேனா போதும். ஈர சிமென்ட் விழுந்தால் காய்வதற்குள் கழுவுங்கள், அதன் காரம் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் ஒருசேரப் பிடிக்கும்.

கடலோரத்தில் இன்னொரு புதிர். மழை நனைக்கிற மேல்பரப்பு நன்றாக இருக்கும், நனையாத இறவாணத்து அடிப்பக்கம் துருப்பிடிக்கும். காற்று கொண்டுவரும் உப்பை மழை கழுவும் இடம் பிழைக்கிறது, கழுவாத இடம் அரிக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெறும் நல்ல தண்ணீரால் அந்த மறைவிடங்களைக் கழுவுவது எந்தப் பெயின்டையும்விட உதவும்.

பீலிக்கும் இப்படி ஒன்று உண்டு. பெயின்ட் அடித்த தகடு, பளபளப்பு ஓடு, பிளாஸ்டிக் ஷீட் போன்ற கூரையிலிருந்து விழும் தண்ணீர் எதையும் கரைத்துக்கொண்டு வராது. அந்தத் தூய தண்ணீர், துத்தநாகம் மட்டும் பூசி பெயின்ட் அடிக்காத கால்வனைஸ்டு பீலியில் ஒவ்வொரு நெளிக்கும் நேர்கீழே சொட்டிச் சொட்டித் துத்தநாகத்தைக் கரைத்துவிடும். துருப்புள்ளிகள் சீரான இடைவெளியில் வரிசையாக வந்தால் காரணம் இதுவே. புதுக் கூரை போடும்போது பழைய பீலியை அப்படியே விட்டுவைப்பதில் உள்ள ஆபத்தும் இதுதான்.

ஓட்டில் பாசி

பாசி தானே ஓட்டைத் துளைக்காது. ஈரத்தைப் பிடித்து வைக்கும், இணைப்புகளைத் தூக்கும், உதிர்ந்து பீலியை அடைக்கும். அழுத்த நீரால் அடித்தால் ஓட்டின் மேல்தோலும் சேர்ந்து போய், அடுத்த பாசி இன்னும் வேகமாக வரும். நைலான் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். முகட்டை ஒட்டி ஒரு துத்தநாகப் பட்டை வைத்தால், வழிந்து வரும் துத்தநாகம் மறுபடி வளர்வதைக் குறைக்கும். நிழல் தரும் கிளையை வெட்டுவது அதைவிட நல்லது. ஓடு கெட்டதா என்று பார்க்க விரலால் தட்டுங்கள்: நல்ல ஓடு கணீரென்று கேட்கும், விரிசல் விழுந்தது மொத்தென்று கேட்கும்.

பீலி நிரம்பி வழிகிறது

இலையை அள்ளிய பிறகும் வழிகிறது என்றால் கணக்குப் போட வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். 60 சதுர மீட்டர் சரிவில் மணிக்கு 120 மி.மீ. வேகத்தில் கொட்டினால் மணிக்கு 7,200 லிட்டர், அதாவது நொடிக்கு 2 லிட்டர். ஒரு வாளித் தண்ணீரை ஏழெட்டு நொடியில் கவிழ்ப்பதுபோல் அது வந்துகொண்டே இருக்கும். நாள் முழுதும் பெய்த மொத்த அளவை வைத்து பீலி வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். உச்சமாகக் கொட்டுகிற அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் பீலி தேவை.

பீலியை மாற்றுவதற்கு முன் இறங்கு குழாயைப் பாருங்கள். 75 மி.மீ. குழாய்க்குப் பதில் 100 மி.மீ. குழாய் போட்டால் வாயின் பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகும். குழாய் பீலியின் கோடியில் இருந்தால் நடுவுக்கு மாற்றலாம். அப்போது இரண்டு பக்கமும் பாதிப் பாதித் தண்ணீரைத்தான் சுமக்கும், அதே பீலியே போதுமானதாகிவிடும். சரிவு மீட்டருக்கு 2 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். அதற்கு மேல் சாய்த்தால் ஒரு முனையில் கூரை விளிம்புக்கும் பீலிக்கும் இடைவெளி விழுந்து தண்ணீர் வெளியே தாண்டும்.

எவ்வளவு பெரிதாக வைத்தாலும் ஒருநாள் வழியத்தான் செய்யும். வழிவது எந்தப் பக்கம் என்பதை நாம் முடிவு செய்யலாம். வெளி விளிம்பு உள் விளிம்பைவிட 10 மி.மீ. தாழ்ந்திருந்தால் வெளியே கொட்டும், வீடு தப்பும். உள் விளிம்பு தாழ்ந்திருந்தால் இறவாணப் பலகை வழியே சுவருக்குள் இறங்கும். புதிதாகப் பொருத்தும்போது நான் வேறு எதையும் கவனிக்காவிட்டாலும் இதைக் கவனிப்பேன்.

பீலி நிரம்பாமலே இறவாணப் பலகை மக்கினால், ஷீட் போதுமான அளவு நீட்டவில்லை. பீலிக்குள் 50 மி.மீ. நீட்டி, கீழ்முனையைச் சற்றுத் தாழ மடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி ஓடும்.

இணைப்புகள் மட்டும் பிரிந்தால், பொருள் நீள இடம் கொடுக்கவில்லை. 30 டிகிரி சூட்டு வித்தியாசத்தில் 10 மீட்டர் பிவிசி பீலி கிட்டத்தட்ட 18 மி.மீ. நீளும், அலுமினியம் 7, இரும்பு 4 மி.மீ. நீளும். பிவிசியை இரு முனையிலும் இறுக்கி ஒட்டினால் வெயிலும் மழையும் மாறி மாறி வரும்போது எங்காவது பிளக்கத்தான் செய்யும்.

சுவர்ப் பலகையில் பெயின்ட் கொப்புளிக்கிறது, கீழ் ஓரம் மக்குகிறது

கொப்புளத்தைக் கத்தி முனையால் திறந்து பாருங்கள். அடியில் பழைய பெயின்ட் தெரிந்தால் மேல் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வெறும் மரம் தெரிந்தால், அதுவும் ஈரமாக இருந்தால், தண்ணீர் பின்னாலிருந்து வருகிறது. அப்படியானால் மறுபடி பெயின்ட் அடிப்பது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதாகும்.

இதற்குப் பெரிய விலை கொடுத்தது நியூசிலாந்து. 1990களில் தொடங்கி அங்கே ஏராளமான வீடுகள், சட்டத்தின் மேல் நேரடியாக ஒட்டிய, இணைப்பே தெரியாத வழவழப்பான வெளி உறையோடு, இறவாணமும் இல்லாமல் கட்டப்பட்டன. 1998-க்குப் பிறகு மக்காமலிருக்க மருந்து ஏற்றாத மரச்சட்டமும் அனுமதிக்கப்பட்டது. சன்னல் ஓரங்களில் கொஞ்சமாகப் புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை, உலரவும் வழியில்லை. வெளியிலிருந்து பார்க்க அழகாக இருந்த வீடுகள் உள்ளே மக்கின. 2004-இல் விதிகளை மாற்றி, மருந்தேற்றிய மரத்தையும், ஆபத்து கூடிய சுவர்களில் உறைக்குப் பின்னால் காற்றிடைவெளியையும் கட்டாயமாக்கினார்கள்.

அந்த இடைவெளி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சட்டத்தின் மேல் நீர் தடுக்கும் படலம், அதன் மேல் நெடுக்காக 20 மி.மீ. ரீப்பர், அதன் மேல் பலகை. கீழே பூச்சி வராத வலையோடு திறந்த வாய். பலகையைத் தாண்டி வருகிற தண்ணீர் படலத்தில் வழிந்து கீழே போய்விடும், மீதி ஈரத்தைக் காற்று எடுத்துக்கொள்ளும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் நின்றால் மக்கவைக்கும் பூஞ்சை வளராது. ஊசி வைத்த ஈரமானி ஒன்று கையில் இருந்தால் சந்தேகமான இடங்களைக் குத்திப் பார்த்துவிடலாம்.

கீழ் ஓரம் மட்டும் மக்கினால், தரை மிக நெருக்கமாக இருக்கிறது. பலகைக்கும் மண்ணுக்கும் 150 மி.மீ. இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தெறிக்கிற மழையே போதும். மரமானாலும் சிமென்ட் நார்ப் பலகையானாலும் வெட்டிய முனைதான் தண்ணீரை உறிஞ்சும் வாய். ஒவ்வொரு வெட்டையும், பொருத்துவதற்கு முன்பே, ஒருமுறை பூசிவிடுங்கள். சுவரில் ஏறிய பிறகு அந்த முனையைத் தூரிகை எட்டாது.

சரி, மாற்றியே ஆக வேண்டும். எதை வாங்குவது?

சரிவு 17 டிகிரிக்குக் கீழே என்றால் உலோக ஷீட்தான், ஓட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதில் பூச்சின் எடையைக் கேளுங்கள். வெறும் துத்தநாகத்தில் 275 என்ற எண்ணும், அலுமினிய-துத்தநாகத்தில் 150 என்ற எண்ணும் இருக்கும். சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து அத்தனை கிராம் என்று பொருள். 150 குறைவாகத் தோன்றினாலும் இரண்டும் பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 20 மைக்ரான் தடிமன்தான், அலுமினியம் லேசானது என்பதால் எடை குறைகிறது. திறந்த மழையில் இரண்டாவது வகை பொதுவாக வெகுகாலம் கூடுதலாகத் தாங்கும். ஈர சிமென்ட், கால்நடைக் கொட்டகை போன்ற காரமான இடங்களில் மட்டும் அதைத் தவிருங்கள். தகட்டின் தடிமன் சொல்லும்போது பெயின்டும் பூச்சும் நீங்கலாக வெறும் இரும்பு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடானால் அலுமினிய ஷீட் நல்ல தேர்வு, ஸ்குரூவையும் அதற்குப் பொருந்துகிற உலோகத்தில் வாங்க வேண்டும்.

சரிவு தாராளமாக இருந்து, சட்டமும் கனத்தைத் தாங்குமானால் நன்றாகச் சுட்ட களிமண் ஓடு பல தலைமுறை இருக்கும். ஓட்டுக்கு அடியில் நீர் தடுக்கும் படலம் போடாமல் மட்டும் விடாதீர்கள். பலத்த காற்று மழையில் எந்த ஓடும் கொஞ்சம் உள்ளே விடும், அதைப் பீலிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தப் படலம்தான். முகட்டு ஓடுகளைச் சாந்தில் பதிப்பதைவிட ஸ்குரூவும் நெகிழும் பட்டையும் வைத்துப் பொருத்துவது நல்லது, மரம் அசையும்போது சாந்து வெடிக்கும்.

சுவருக்கு எந்தப் பலகை எடுத்தாலும் பின்னால் இடைவெளி வைக்க இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நல்ல பலகையை ஒட்டிப் பொருத்துவதைவிட, நடுத்தரப் பலகையை இடைவெளியோடு பொருத்துவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஷீட் வந்து இறங்கிய அன்று மழை வந்தால் கட்டுக்கட்டாக நனைய விடாதீர்கள். இடுக்கில் தங்கும் தண்ணீர் சில நாளிலேயே வெள்ளைத் துருவைக் கிளப்பும், கூரை ஏறுவதற்கு முன்பே பூச்சு பாதி போய்விடும். ஒரு முனையை உயர்த்திச் சாய்வாக அடுக்கி மூடி வையுங்கள். நனைந்துவிட்டால் அன்றே ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்து, நிறுத்தி உலர்த்துங்கள்.